ஒரு கட்டளையில் மொழி மாறுமா? நிரல் மொழிமாற்றக் கருவிகள், அம்பத்தூர் பட்டறை முதல் மெயின்பிரேம் வரை

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் உருவானபோது அங்கே கணிப்பொறி என்ற பேச்சே கிடையாது. டிஐ சைக்கிள்ஸ் 1949-லிருந்தே அம்பத்தூரில் இருந்தது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை. இப்படிப்பட்ட பெரிய ஆலைகளுக்கு புஷ்ஷும் ஷாஃப்டும் கடைந்து கொடுத்த சிறு பட்டறைகள்தான் பேட்டையின் பழைய குடிகள். இன்று அதே சாலைகளில், பழைய ஷெட்டுகள் நின்ற இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. எச்சிஎல் போன்ற மென்பொருள் நிறுவனங்கள் வந்து வெகுகாலம் ஆகிறது. கையில் எண்ணெய்க் கறையோடு நிற்பவரும் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்பவரும் ஒரே கடையில்தான் டீ குடிக்கிறார்கள். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே தலைவலி உண்டு: ஒரு இயந்திரத்துக்கு எழுதிய நிரலை இன்னொரு இயந்திரத்தில் ஓட்டியாக வேண்டும். கையால் திரும்ப எழுத நேரமில்லை. டெர்மினலில் ஒரு கட்டளை தட்டினால் மாறி வருமா?

வரும். நாற்பது ஆண்டுகளாக வந்துகொண்டுதான் இருக்கிறது. வந்ததை நம்பி ஓட்டலாமா என்பதுதான் கேள்வி. இந்தத் துறையில் எது நின்றது, எது கவிழ்ந்தது, செயற்கை நுண்ணறிவு வந்தபின் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கும் முயற்சி இது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தை மாற்றுவது வேலையின் சுலபமான பாதி. இப்போது அது ஏறக்குறைய இலவசமாகிவிட்டது. புது நிரல் பழையதைப் போலவே நடந்துகொள்கிறது என்று காட்டுவது மற்ற பாதி. அதன் விலை குறையவே இல்லை, மதிப்பீடு போடும்போது அதை யாரும் சேர்ப்பதும் இல்லை.

பட்டறையிலிருந்து ஆரம்பிக்கலாம். பிரச்சினை அங்கேதான் கண்ணால் பார்க்கும்படி இருக்கிறது. சிஎன்சி லேத்துக்கு எழுதும் ஜி-கோடு வெறும் உரைக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஐஎஸ்ஓ 6983 என்று ஒரு பொதுத் தரமும் இருக்கிறது. இருந்தும் ஃபானுக் கன்ட்ரோலர் பேசுவது ஒரு வட்டார வழக்கு, சீமென்ஸ் கன்ட்ரோலர் பேசுவது இன்னொன்று. ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் வருஷக்கணக்காக ஃபானுக் கன்ட்ரோலர் போட்ட லேத் ஓடுகிறது என்று வையுங்கள். ஆர்டர் கூடியதும் நல்ல விலைக்கு வந்த பழைய மெஷின் ஒன்றை முதலாளி வாங்கிப் போடுகிறார். அதில் சீமென்ஸ். பழைய ஜாப்களின் ப்ரோக்ராம் எல்லாம் பென்டிரைவில் இருக்கிறது.

மேலோட்டமான வேறுபாடுகளை ஒரு அட்டவணை போட்டே தீர்த்துவிடலாம். ஃபானுக்கில் குறிப்பு அடைப்புக்குறிக்குள் வரும், சீமென்ஸில் அரைப்புள்ளிக்குப் பின்னால். டூலும் அதன் ஆஃப்செட்டும் அங்கே டி0101 என்று ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். இங்கே டூலுக்கு ஒரு எழுத்து, ஆஃப்செட்டுக்குத் தனி எழுத்து. ஸ்பிண்டில் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்க அங்கே ஜி50, இங்கே லிம்ஸ். துணை நிரலை அழைக்க அங்கே எம்98, இங்கே நிரலின் பெயரை எழுதினாலே போதும். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை யூனிகோடுக்கு மாற்றுகிறோமே, அந்த மாதிரி: இந்தக் குறிக்கு அந்தக் குறி. ஐம்பது வரிப் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று இதைச் செய்துவிடும்.

அடுத்த படியில் ஜி71 வந்து நிற்கிறது. ஃபானுக் லேத்தில் அது ரஃபிங் சைக்கிள்: எந்த வரியிலிருந்து எந்த வரிவரை பொருளின் வடிவம் இருக்கிறது, ஒரு வெட்டுக்கு எவ்வளவு ஆழம், ஃபினிஷிங்குக்கு எவ்வளவு விட வேண்டும் என்று சொன்னால் கன்ட்ரோலரே படிப்படியாகக் கடைந்து இறக்கும். சீமென்ஸில் அதே ஜி71-க்கு 'அளவுகள் மெட்ரிக்கில் இருக்கின்றன' என்று பொருள். ரஃபிங்குக்கு அங்கே சைக்கிள்95 என்ற வேறு ஏற்பாடு. வடிவத்தைத் தனித் துணை நிரலாகப் பிரித்தோ லேபிள் போட்டோ கொடுக்க வேண்டும். அட்டவணை இதற்குப் போதாது. நிரலின் அமைப்பைப் படித்து, எது வடிவம் எது வெட்டு என்று பிரித்தறியும் கருவி வேண்டும். பழைய வரியை அப்படியே போட்டு ஓட்டினால், பின்னால் வரும் எழுத்துகள் புரியாமல் மெஷின் அலாரம் அடித்து நிற்கும். அலாரம் அடித்தால் பரவாயில்லை, யாரும் பயப்பட வேண்டாம்.

அலாரம் அடிக்காத தவறுதான் ஆளைக் கவிழ்க்கும். சீமென்ஸ் நிரலில் எக்ஸ்50 என்றால் 50 மில்லிமீட்டர். அதே எக்ஸ்50-ஐத் தசமப் புள்ளி இல்லாமல் ஒரு ஃபானுக் மெஷினில் போட்டால், அது 50 மைக்ரானாக, அதாவது 0.05 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளலாம். 'எடுத்துக்கொள்ளும்' என்று அடித்துச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அது 3401-ம் பாராமீட்டரின் முதல் பிட் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுழலும் பொருளின் 50 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வர வேண்டிய டூல், ரேப்பிட் வேகத்தில் நட்ட நடு மையத்துக்குப் பாய்கிறது. இன்சர்ட் போகும், ஜாப் சக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கும், டர்ரெட்டின் அலைன்மென்ட்டே கெட்டுப்போகலாம். மொழிமாற்றக் கருவியின் கண்ணுக்கோ இரண்டு பக்கமும் எக்ஸ்50 தான். மாற்ற ஒன்றுமில்லை என்று விட்டுவிடும். தவறு கோப்பில் இல்லை. மெஷினுக்குள் யாரோ என்றோ வைத்த ஒரு பிட்டில் இருக்கிறது.

சீமென்ஸே இதற்கு வேறு வழி ஒன்றும் வைத்திருக்கிறது. ஜி291 என்று எழுதினால் கன்ட்ரோலர் ஐஎஸ்ஓ வழக்குக்கு மாறி ஃபானுக் பாணி நிரலை அப்படியே படிக்கும். ஜி290 என்றால் தன் சொந்த வழக்குக்குத் திரும்பும். நிரலை மாற்றாமல் இயந்திரத்தை வேஷம் போடச் சொல்லும் வழி இது. கேம் (கணினிவழி உற்பத்தி) மென்பொருள் வைத்திருக்கும் பட்டறைக்கு இன்னும் சுத்தமான வழி உண்டு: டிராயிங்கிலிருந்து வேறு போஸ்ட் புராசஸர் போட்டுப் புதிதாகவே ஜி-கோடு எடுத்துவிடலாம். காகிதத்தில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ஓடிப் பழகிய ப்ரோக்ராம் எதுவும் கேமிலிருந்து வந்த மாதிரியே இருப்பதில்லை. சேட்டர் அடிக்கிறது என்று ஒரு ஆபரேட்டர் ஃபீடைக் குறைத்திருப்பார். த்ரெட்டில் பிசிறு நிற்கிறது என்று இன்னொருவர் ஒரு வெட்டு கூடச் சேர்த்திருப்பார். இவையெல்லாம் மெஷின் முன்னால் நின்று, நைட் ஷிஃப்டில், எந்தக் குறிப்பும் எழுதாமல் செய்த திருத்தங்கள். டிராயிங்கிலிருந்து புதிதாக எடுத்தால் அவ்வளவும் போச்சு.

இதே கதையை ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் கண்ணாடிக் கட்டடத்து வேலை.

இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் தொடக்கத்திலேயே ஒரு மொழிமாற்றம் இருக்கிறது. 1974-ல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸுக்கு அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் மூலம் ஒரு வேலை வந்தது. மருத்துவமனைகளுக்கான ஒரு மென்பொருள் பரோஸின் நடுத்தர இயந்திரங்களுக்கான கோபோலில் இருந்தது. சிறிய இயந்திரங்களுக்கான கோபோலுக்கு அதை மாற்ற வேண்டும். பம்பாயில் அப்போது கையிலிருந்தது பிரிட்டிஷ் ஐசிஎல் 1903. வேறொரு கம்பெனியின் இயந்திரத்தில் உட்கார்ந்து, இன்னொரு கம்பெனியின் ஒரு வழக்கை அதே கம்பெனியின் இன்னொரு வழக்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பெயரளவில் இரண்டும் கோபோல்தான், ஃபானுக்கும் சீமென்ஸும் பெயரளவில் ஜி-கோடு என்பது போலவே. இருபது ஆண்டு கழித்து ஒய்2கே வந்தது. இரண்டு இலக்க ஆண்டை நான்காக்கும் அந்த வேலையை மொழிமாற்றம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கோடிக்கணக்கான வரிகளைக் கருவியால் அலசி, இடம் கண்டுபிடித்து, திருத்தி, பழையதோடு ஒப்பிட்டுத் தேற்றும் ஒழுங்கு சென்னைக்கு அப்போதுதான் கைவந்தது. அன்று கோபோல் படித்து வேலைக்குச் சேர்ந்த தலைமுறை இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கிறது.

கருவிகளின் வரலாற்றை வருஷ வரிசையில் அடுக்குவதைவிட, இரண்டு சாதியாகப் பிரித்துப் பார்ப்பது தெளிவாக இருக்கும். மாற்றி வந்த நிரலை மனிதர் படிக்கப் போகிறாரா இல்லையா என்பதுதான் பிரிக்கும் கோடு.

படிக்க வேண்டாம் என்றால் வேலை ஏறக்குறைய முடிந்த காரியம். பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரப் 1983-ல் பெல் ஆய்வகத்தில் எழுதிய சிஃப்ரன்ட், சி++ நிரலை வாங்கி சி-யாகத் தள்ளும். அந்த சி-யைக் கம்பைலர் தின்றுவிடும், புரோகிராமர் சி++-லேயே தொடர்ந்து எழுதுவார். 1990-ல் அதே ஆய்வக வட்டாரத்திலிருந்து வந்த எஃப்2சி, ஃபோர்ட்ரான் 77-ஐ சி-யாக மாற்றியது. அறிவியல் கணிதத் தொகுப்புகள் பல ஃபோர்ட்ரான் கம்பைலர் இல்லாத இயந்திரங்களிலும் ஓடியது அதனால்தான். ஃபேஸ்புக் 2010-ல் வெளியிட்ட ஹிப்ஹாப், பிஎச்பி-யை சி++ ஆக்கியது. இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் க்னூ கோபோலின் கட்டளையான கோப்சி இந்த ரகம்தான்: கோபோல் கோப்பைக் கொடுத்தால் உள்ளே சி-யாக மாற்றிக் கம்பைல் செய்கிறது. நடுவில் பிறக்கும் சி-யைப் பார்க்க வேண்டும் என்றாலும் காட்டும். பார்த்தால் ஒரு நிமிஷத்தில் மூடிவிடுவீர்கள். அதனால் நஷ்டமில்லை, நாளை மாற்றம் வந்தால் கோபோலில்தான் செய்யப் போகிறீர்கள்.

மாற்றி வந்ததே இனி மூலம், பழையதைத் தூக்கிப் போடப் போகிறோம் என்றால் கதை தலைகீழ். கோ மொழியின் கம்பைலர் முதலில் சி-யில் இருந்தது. ரஸ் காக்ஸ் அதற்கென்றே ஒரு கருவி எழுதி, அந்த சி-யை இயந்திரத்தனமாக கோ-வுக்கு மாற்றினார். 2015 ஆகஸ்டில் கோ 1.5 அப்படித்தான் வெளியானது. கம்பைல் செய்யும் நேரம் முந்தைய பதிப்பைவிட ஏறத்தாழ இரட்டிப்பானது, நிரல் நடையும் சி-யின் சாயலோடுதான் இருந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் ஆட்கள் உட்கார்ந்து செப்பனிட்டார்கள். இது வெற்றிக் கதை. மாற்றியவர்கள் கம்பைலரை எழுதிய குழுவினரே என்பதை மறக்கக் கூடாது. 2018 வாக்கில் வந்த சி2ரஸ்ட், சி நிரலை ரஸ்டாக மாற்றும். ரஸ்டின் பெருமையே நினைவகப் பிழைகளைக் கம்பைலரே தடுப்பதுதான். ஆனால் கருவி தரும் ரஸ்டில் பெரும்பகுதி 'அன்சேஃப்' என்ற வேலிக்குள் வரும். காவல் இல்லாத இடத்தில் சி நடந்தபடியே நடக்கும். குடியேற்றம் ஆகிவிட்டது, பாதுகாப்பு வரவில்லை.

பைத்தான்காரர்கள் பட்ட பாடு இதில் தனி அத்தியாயம். பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-ல். ஒரே மொழியின் இரண்டு பதிப்புகளுக்கு நடுவே பதினோரு ஆண்டு. 2டு3 என்ற கட்டளைக் கருவி மொழியோடு சேர்ந்தே வந்தது. 2024-ல் வந்த 3.13 பதிப்பில்தான் அதை எடுத்தார்கள். பிரின்ட் வாக்கியங்களையெல்லாம் அது சமர்த்தாக மாற்றியது. வகுத்தலை மட்டும் தொடவில்லை. பழைய பைத்தானில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3, புதியதில் 3.5. இரண்டு முழு எண்ணை வகுக்கிறோமா தசமத்தையா என்பது ஓடும்போதுதான் தெரியும். எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கருவி தெரியாததைத் தெரியாது என்று விட்டது. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும், இப்போது வரும் கருவிகளிடம் அது குறைவு.

கோபோலிலிருந்து ஜாவாவுக்கு மாறும் வேலை பற்றி நிறையப் பேசுகிறார்கள். 2017-ல் ராய்ட்டர்ஸ் தந்த கணக்குப்படி 22,000 கோடி வரி கோபோல் அப்போதும் புழக்கத்தில் இருந்தது, அமெரிக்க வங்கி அமைப்புகளில் 43 சதவீதம் அதன்மேல் நின்றது. 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, வேலையிழப்பு உதவித்தொகைக் கணினிகள் திணறியபோது நியூ ஜெர்சி ஆளுநரே கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்டார். இந்தப் பெரிய எண்களைவிட ஒரே ஒரு கணக்கு விஷயத்தைத் தெளிவாகக் காட்டும்.

சேமிப்புக் கணக்கில் 15,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 3.5 சதவீதம். ஒரு நாள் வட்டி 525-ஐ 365-ஆல் வகுத்தது, அதாவது 1.4383... கோபோலில் இரண்டு தசம இடம் உள்ள புலத்தில் இதைப் போட்டால், 'ரவுண்டட்' என்று எழுதாத வரை மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு 1.43 வைக்கும். ஜாவாவில் சாதாரணமாக எழுதி இரண்டு இடத்துக்கு முழுமைப்படுத்தினால் 1.44. ஒரு நாளுக்கு ஒரு கணக்குக்கு ஒரு பைசா வித்தியாசம். பத்து லட்சம் கணக்கில் இப்படி நேர்ந்தால் நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய். இரண்டில் எது சரி? சட்டப்படி, வங்கியின் விதிப்படி எது வேண்டுமானாலும் சரியாக இருக்கட்டும். முப்பது ஆண்டாகத் தணிக்கை ஆகி வந்தது 1.43. கோபோலில் மூன்று இலக்கப் புலத்துக்குள் 1234-ஐ நகர்த்தினால் 234 மட்டும் நிற்கும், சத்தமே வராது. அந்த வெட்டுதலை நம்பியே யாராவது நிரல் எழுதியிருந்தால், மொழிமாற்றி அதை 'பிழை' என்று திருத்திவிட்டால், திருத்தியதுதான் பிழை.

தரவின் பக்கமும் கண்ணி உண்டு. ஐபிஎம் மெயின்பிரேமின் எப்சிடிக் குறியீட்டில் வரிசைப்படுத்தினால் முதலில் சிறிய எழுத்து, பிறகு பெரிய எழுத்து, கடைசியில் எண்கள். நம் கணினிகளின் ஆஸ்கியில் எண்கள் முதலில், சிறிய எழுத்து கடைசியில். இரண்டு கோப்புகளை வரிசைப்படுத்தி ஒன்றோடொன்று பொருத்திப் போகும் பழைய பாட்ச் நிரல் ஒன்றை எழுத்துப் பிசகாமல் ஜாவாவுக்கு மாற்றி லினக்ஸில் ஓட்டுகிறீர்கள். ஒரு கோப்பு மட்டும் இன்னமும் மெயின்பிரேமிலிருந்து வருகிறது. எழுத்தும் எண்ணும் கலந்த வாடிக்கையாளர் எண்கள் மட்டும் பொருந்தாமல் நழுவும். நிரலில் தேடினால் தவறே கிடைக்காது. மறுபடியும் அந்த 3401-ம் பாராமீட்டர்தான்.

மொழியே மாறாமலும் இது நடக்கும். 1996 ஜூன் 4-ல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகாமல் சிதறியது. ஏரியன் 4-ல் ஒழுங்காக ஓடிய அடா நிரலின் ஒரு பகுதியை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணித்தபோது அது கொள்ளவில்லை. நிரலின் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் மாறியிருந்தது.

இந்த இடத்தில் நுழைகின்றன கற்கும் இயந்திரங்கள். 2020-ல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்கோடர், சி++, ஜாவா, பைத்தான் மூன்றுக்கும் நடுவே மாற்றப் பழகியது. இணையான ஜோடிகளை யாரும் கற்றுக்கொடுக்காமலே. சோதிக்க எடுத்துக்கொண்ட 852 இணைச் செயற்கூறுகள் நம் பிள்ளைகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் படிக்கும் கீக்ஸ்ஃபார்கீக்ஸ் தளத்திலிருந்து வந்தவை. ஜாவாவிலிருந்து சி++ பக்கம் 90 சதவீதத்துக்கு மேல், சி++-லிருந்து ஜாவா பக்கம் 74.8 சதவீதம் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பல விடைகளை எழுதவிட்டு அதில் ஒன்று தேறினாலும் சரி என்ற கணக்கு அது. தவிர, எல்லாமே பத்து இருபது வரிப் பாடப்புத்தகக் கணக்குகள். 2024-ல் ஐபிஎம் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஒரு பெரிய ஆய்வு, அன்றைய மொழி மாதிரிகளை ஐந்து நிரல் மொழிகளில் சோதித்தது. சரியான மொழிமாற்றம் 2.1 சதவீதத்திலிருந்து 47.3 சதவீதம் வரைதான் வந்தது. நிஜத் திட்டங்களின் நிரல் என்றால் இன்னும் மோசம்.

அதற்குப்பின் மாதிரிகள் தேறியிருக்கின்றன. ஐபிஎம் 2023-ல் கோபோலை ஜாவாவாக்க உதவும் வாட்சன்எக்ஸ் கருவியை அறிவித்தது. அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான தார்ப்பா 2024-ல் டிராக்டர் என்ற பெயரில், சி நிரல் முழுவதையும் ரஸ்டாக மாற்றும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது. 2025-ல் கட்டளை வரிக்கே ஒரு மறுபிறப்பு: கிளாட் கோடு, கோடெக்ஸ், ஜெமினி என்று டெர்மினலில் உட்கார்ந்து வேலை செய்யும் முகவர்கள் வரிசையாக வந்தார்கள். பழைய கருவிக்குக் கோப்பைக் கொடுத்தால் கோப்பு வரும், அவ்வளவுதான். இவற்றுக்கு ஒரு கோப்புறையைக் காட்டி 'இதை ஜாவாவாக்கு, சோதனைகள் தேறும்வரை விடாதே' என்று சொன்னால், படித்து, எழுதி, கம்பைல் செய்து, பிழைச் செய்தியைப் பார்த்துத் திருத்தி, மறுபடி ஓட்டும். ஜி-கோடும் மாற்றிக் கொடுக்கும். ஜி71-ன் இரண்டு அர்த்தமும் கேட்டால் சொல்லும். உங்கள் மெஷினின் 3401-ல் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

பழைய கருவிக்கும் புதியதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு தவறு செய்யும் விதத்தில் இருக்கிறது. எஃப்2சி ஒரு இடத்தில் தவறினால் அதே மாதிரி இடத்திலெல்லாம் தவறும். ஒன்றைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம். மொழி மாதிரி நானூறு இடத்தில் வகுத்தலைச் சரியாக மாற்றிவிட்டு நானூற்று ஒன்றாவது இடத்தில் சறுக்கும். பைத்தானில் -7-ஐ 2-ஆல் முழுஎண்ணாக வகுத்தால் -4, ஜாவாவில் -3 என்பது அதற்குத் தெரியாததல்ல. ஒரு நீண்ட கோப்பின் நடுவில், வேறு எதையோ சரிசெய்யும்போது, விட்டுவிடும். வந்த நிரலோ அழகாக, குறிப்புகளோடு, சீனியர் எழுதிய மாதிரி இருக்கும். பார்வைக்கு நன்றாக இருப்பதால் ரிவ்யூ செய்பவர் கண் வழுக்கிக்கொண்டு போகிறது. சோதனை தேறாதபோது சோதனையையே தளர்த்திவிடும் முகவர்களும் உண்டு. அதனால் சோதனைக் கோப்புகளை அது தொட முடியாதபடி பூட்டி வைப்பது இந்த வேலையில் முதல் பாடம்.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய மொழிமாற்றிகள் கோபோலை வரிக்கு வரி ஜாவாவாக்கித் தந்ததைத் தொழிலில் ஜோபோல் என்று கிண்டல் செய்வார்கள்: எழுத்து ஜாவா, நடை கோபோல், கோபோல் தெரிந்தவருக்கும் புரியாது, ஜாவா தெரிந்தவருக்கும் புரியாது. மொழி மாதிரிகள் இந்த நோயைப் பெருமளவு தீர்த்திருக்கின்றன. இன்னொரு உபயோகத்தை நான் மொழிமாற்றத்தைவிடவே மேலாக மதிப்பேன்: குறிப்பே இல்லாத ஒரு பழைய நிரலைக் கொடுத்து 'இது என்ன செய்கிறது, இந்த நிபந்தனை ஏன் இருக்கலாம்' என்று கேட்பது. படித்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் அது பெரிய உதவி. பதிலைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாமல் துப்பாக எடுத்துக்கொண்டால் போதும்.

மாற்றுவதற்கு முன் வேறொரு முடிவும் எடுக்க வேண்டும்: அப்படியே போர்ட் செய்வதா, திருத்தி எழுதுவதா? 2025 மார்ச்சில் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தபோது, வேகம் பத்து மடங்கு என்பதையே எல்லோரும் பேசினார்கள். எனக்குப் பட்டது வேறு. பழைய நிரலின் அமைப்பை ஒத்தே புதியதும் இருக்க வேண்டும், புத்திசாலித்தனம் காட்டக் கூடாது என்பதற்காகவே கோ மொழியைத் தேர்ந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிய வேண்டும் என்பது கணக்கு. மாற்றும்போதே மேம்படுத்துவோம் என்று இறங்கினால், வித்தியாசம் வரும்போது அது மேம்பாடா பிழையா என்று பிரிக்கவே முடியாது.

சரிபார்ப்புக்கு வருவோம். மெயின்பிரேம் ஆட்கள் செய்வது இணை ஓட்டம்: பழையதும் புதியதும் ஒரே தரவில் மாதக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஒவ்வொரு இரவும் வெளியீட்டைப் பைசா வரை ஒப்பிடுவார்கள். மாத இறுதி, காலாண்டு இறுதி, மார்ச் 31, பிப்ரவரி 29 எல்லாம் தாண்டினால்தான் பழையதை நிறுத்துவார்கள். பட்டறைக்காரர் செய்வதும் இதன் தம்பிதான். முதலில் கிராஃபிக் சிமுலேஷன். பிறகு ஜாப் இல்லாமல் ட்ரை ரன். அதன்பின் ரேப்பிட் ஓவர்ரைடைக் குறைத்து, சிங்கிள் பிளாக்கில் போட்டு, ஒரு வரி ஓடத் தொடங்கியதும் திரையில் 'மிச்ச தூரம்' எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, கை ஃபீட் ஹோல்டு பட்டன்மேலேயே இருக்க, அடுத்த வரி. எக்ஸ்50 என்ற வரிக்கு முன்னால் டூல் எங்கே இருக்கிறது, மிச்ச தூரம் எவ்வளவு என்று பார்த்தால், டூல் மோதுமுன்பே அந்தத் தசமப் புள்ளி மாட்டிக்கொள்ளும். கடைசியில் முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷனில் கொடுத்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பது. சாஃப்ட்வேர்காரர்கள் பலர் இந்த ஒழுங்கை இவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். முகவர் மாற்றித் தந்த பத்தாயிரம் வரியை மாலையில் மெர்ஜ் செய்துவிட்டுப் போகிறவர் யாரும் லேத் முன்னால் நின்றவராக இருக்க முடியாது.

பணப் பேச்சு இங்கேதான் வருகிறது. மொழிமாற்ற வேலைக்கு வரிக்கு இவ்வளவு என்று விலை பேசும் பழக்கம் தொழிலில் நெடுநாளாக உண்டு. கருவி மலிந்ததும் வாடிக்கையாளர் 'இனி பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதாதா' என்று கேட்பது நியாயம் போலத் தோன்றும். மலிந்தது தட்டச்சு வேலை. இணை ஓட்டத்துக்கு இயந்திர நேரம் வேண்டும், பழைய தரவு வேண்டும், ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் 'இது எப்போதிருந்து இப்படி' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அம்பத்தூருக்கு ரயில் பிடித்து வேலைக்கு வரும் புதுப் பட்டதாரிக்கு இனி கோபோலை ஜாவாவாக எழுதத் தெரிந்து பெரிய பயனில்லை, 1.43-க்கும் 1.44-க்கும் நடுவே எது வேண்டும் என்று யாரிடம், எந்த ஆவணத்தில் கேட்பது என்று தெரிந்தால் வேலை நிலைக்கும். வீட்டில் ஓய்வெடுக்கும் கோபோல் சீனியர்களை மணிக்கணக்கு ஊதியத்தில் கூப்பிட்டு உட்கார வைப்பது எந்தக் கருவிக்கான சந்தாவைவிடவும் லாபம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் இருக்கிறது, பேட்டைக்கே உரிய சங்கடம். பாதுகாப்புத் துறைக்கு பாகம் செய்து தரும் சிறு பட்டறையின் ஜி-கோடு, சாதாரண உரைக் கோப்பு போலத் தோன்றினாலும், அதைப் படித்தால் பாகத்தின் வடிவத்தை மைக்ரான் கணக்கில் திரும்ப வரைந்துவிடலாம். டிராயிங்கை வெளியே காட்ட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர், அதே டிராயிங்கின் நிரலை 'சீமென்ஸுக்கு மாற்று' என்று எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பினால் அந்தக் கையெழுத்து என்ன ஆகும்? மொழிமாற்றக் கருவிதானே என்ற நினைப்பிலேயே இதைச் செய்துவிட முடியும். செய்பவருக்குத் தவறு செய்கிறோம் என்ற உணர்வே வராது. வங்கிகளுக்கு இதைப் பார்த்துக்கொள்ள ஒரு படையே இருக்கிறது. ஆறு மெஷின் வைத்திருக்கும் முதலாளிக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்தில் சங்கம் உதவலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் சங்கமான ஐமா, நந்தம்பாக்கத்தில் அக்மி இயந்திரக் கண்காட்சியை நடத்திவரும் அமைப்பு. ஃபானுக், சீமென்ஸ், மிட்சுபிஷி வழக்குகளுக்கான மாற்று அட்டவணை, ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் மாற்றத்துக்கு முன் பார்த்துக் குறிக்க வேண்டிய பாராமீட்டர் பட்டியல், பட்டறைக் கணினியிலேயே இணையமில்லாமல் ஓடும் ஒரு கட்டளைக் கருவி, இவற்றைப் பொதுவில் செய்து வைப்பது ஒரு இன்ஜினியரிங் கல்லூரி இறுதியாண்டுக் குழுவுக்கு எட்டும் வேலை. கருவி மாற்றியதும் முதலில் ஒரு தாள் அச்சிட வேண்டும்: இவை என்னால் முடிவு செய்ய இயலாத வரிகள், மெஷினில் இந்தப் பிட்டைப் பார், இந்த ஆழத்தை ஆபரேட்டரிடம் கேள். அந்தத் தாளில் செட்டரின் கையெழுத்து இல்லாமல் சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தக் கூடாது என்று பட்டறையில் ஒரு வழக்கம் வந்துவிட்டால், பக்கத்துக் கண்ணாடிக் கட்டடத்துக்காரர்களும் அதை ஒரு நகல் எடுத்துக்கொண்டு போகலாம்.